தாய்மாமன் உட்கார்ந்த பானட்

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. ஆனால் மாரண்டஹள்ளிப் பக்கத்தில் தக்காளிக்கென்று முதன்முதலாகச் சொந்த வண்டி வைத்தவன் நான்தான். இதை நான் சொல்லக்கூடாது, மற்றவர்கள் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள். மீதிப் பேருக்கு ஞாபகம் இல்லை. அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் சந்தையில் அடுத்தவன் கூடையைத் தூக்கினேன். பிறகு கூடையை நானே வாங்கினேன். பிறகு எவனுடைய லாரியிலாவது ஒரு மூலையில் இடம் கேட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எண்பதுகள் பிறந்த பிறகுதான் எனக்கென்று ஒரு வண்டி வந்தது. அணைக்கட்டு வேலை முடிந்து ஏலத்துக்குப் போன பழைய பிக்கப், நீண்ட மூக்கு வண்டி. பெட்ரோலை அது குடிக்கிற குடியைப் பார்த்துவிட்டு, அந்த எஞ்சினை இறக்கி ஒரு டீசல் எஞ்சினை ஏற்றினேன். அப்போது எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். டீசல் எஞ்சின் ஓட ஆரம்பித்தால் வண்டி முழுக்க உதறும். கதவு உதறும், சீட் உதறும், உள்ளே உட்கார்ந்து பேசுகிறவனின் பேச்சு உதறும். எஞ்சினை மூடுகிற பானட்டும் உதறிக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் சட்டை செய்யவில்லை.

அந்த வண்டியின் பானட், முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டு கீல்களில் தொங்கும். மூக்குப் பக்கம் தூக்கினால் முதலை வாய் மாதிரித் திறக்கும். மூடும்போது நடுவில் இருக்கிற முளை கீழே உள்ள துளைக்குள் போய் மாட்டிக்கொள்ள வேண்டும். கீல் தேயத் தேய பானட் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. முளை ஒரு பக்கம், துளை ஒரு பக்கம். ஓங்கி அடித்தால் மாட்டும். பிறகு ஓங்கி அடித்தாலும் மாட்டவில்லை. சணல் கயிறு போட்டு பம்பரோடு இழுத்துக் கட்டினோம். ஊரில் பாதி வண்டிகள் அப்படித்தான் ஓடின. யாரும் செத்துப்போகவில்லை.

வண்டியை ஓட்டியவன் என் வூட்டுக்காரியின் தம்பி. அவளுக்கு அவன் ஒருவன்தான் கூடப் பிறந்தவன். கிளீனராக வந்தவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து லைசென்ஸ் எடுத்துக்கொடுத்தது நான். அவனும் நன்றாகத்தான் ஓட்டினான். ஒரு கூடைத் தக்காளிகூட நசுங்காமல் ராயக்கோட்டை வழியாக ஓசூருக்குக் கொண்டுபோய் இறக்குவான். அந்த ரோட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

ஒரு நாள் காலை, சரக்கு ஏறத் தாமதமாகி வெயில் நன்றாக ஏறிய பிறகு, ராயக்கோட்டை தாண்டி ஓர் இறக்கத்தில் கயிறு அறுந்தது. எதிரே ஒரு பஸ் வந்திருக்கிறது. அது கடந்துபோன வேகத்தில் அடித்த காற்று பானட்டைத் தூக்கி அப்படியே கண்ணாடி மேல் சாத்திவிட்டது. எதிரே ஒன்றும் தெரியவில்லை. ரோடு போன இடத்தில் வெறும் தகரம். அவன் பிரேக்கை மிதித்து, கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கம் ஒடித்திருக்கிறான். வண்டி வரப்பில் ஏறி நின்றது. இறங்கிப் பார்த்தால் சக்கரத்துக்கு ஒரு கை தூரத்தில் ஆடு மேய்க்கிற கிழவி ஒருத்தி நிற்கிறாள். அவள் மேல் ஒரு கீறல்கூட இல்லை. கன்னடத்தில் அவனை ஒரு மூச்சு திட்டித் தீர்த்துவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அதோடு முடிந்தது. இவனுக்கு முடியவில்லை.

சாயங்காலம் வேறொரு வண்டியில் ஏறி வந்து சாவியை என் கையில் கொடுத்தான்.

"மாமா, இனி என்னால ஆவாதுங்க."

"என்னாத்துக்கு ஆவாது? அடி பட்டுச்சா?"

"படலீங்க."

"வேற எவனுக்காச்சும்?"

"இல்லீங்க."

"அப்புறம் என்னடா மாப்ள?"

 அவன் அக்கா போட்ட சோற்றைக்கூடத் தொடவில்லை. மறுநாளிலிருந்து வாசலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறேன் என்று அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான்.

வரப்பிலிருந்து வண்டியை எடுத்து வந்து நான் ஓட்டினேன். வேறு யார் ஓட்டுவார்கள்? விடிவதற்கு முன் ஏறி ஓசூருக்குப் போய்ச் சரக்கை இறக்கி, திரும்பி வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு தக்காளிக் காட்டுக்குப் போய்க் காய் பார்த்து, விலை பேசி, பறிக்கிறவர்களோடு கத்தி, ஏற்றி முடித்தால் மறுபடியும் ஸ்டியரிங். எனக்கு அப்போது ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. நான் உடம்புக்கு அஞ்சினவன் இல்லை. தேக்கங்கட்டை உடம்பு என்று சந்தையில் பேர் வாங்கியவன். ஆனால் அந்த நாட்களில் சோற்றில் கை வைத்தபடியே கண் சொருகும். வூட்டுக்காரி தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்:

"நீங்களும் ஒரு நாளைக்கு வரப்புல ஏத்தப் போறீங்க. என் தம்பி ஊரை வுட்டுப் போவப் போறான். ரெண்டு பேரையும் வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அவள் அழுதிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அவள் அழவில்லை. பாத்திரம் கழுவப் போய்விட்டாள். இந்த ஜில்லாவிலேயே வேறெந்தப் பானட்டும் இவ்வளவு நேராக மூடாது என்கிற அளவுக்கு அதைச் சரி செய்துவிட்டால் இவன் தானாக வண்டியில் ஏறுவான் என்று நான் முடிவு கட்டினேன். அவன் இருந்தால்தான் என் தொழில் நிற்கும், என் இடுப்பும் நிற்கும்.

நான் எந்தப் பட்டறையிலும் வேலை கற்றவன் இல்லை. பார்த்துக் கற்றதுதான். சரக்கு இல்லாத நாளாகப் பார்த்து வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திக் கீல்களைக் கழற்றினேன். உள்ளே ஆணி மாதிரி ஓடுகிற பின், நடுவில் எலி கடித்த மாதிரி மெலிந்திருந்தது. வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை மாதிரி நீண்டிருந்தது. இரண்டையும் துணியில் சுற்றிக்கொண்டு பாலக்கோட்டில் லேத்துப் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் என் வயசுக்காரர், வாய் நீளம்.

"என்னங்கண்ணா, கீலைக் கொண்டாந்திருக்கீங்க? வண்டியவே கொண்டாந்திருந்தா எடைக்குப் போட்டுட்டு வூட்டுக்கு நடந்து போயிருக்கலாம்."

"அடைச்சுக் குடு. பேசாத."

"அடைக்கறனுங்க. ஆனா இந்தத் துளையைப் பாருங்க. உதறித் தேஞ்சிருந்தா சுத்தியும் தேஞ்சிருக்கணும். இது ஒரு பக்கமாவே இழுபட்டிருக்குது. ஏதோ கனம் ஏறி இழுத்திருக்குதுங்க."

"பானட்டு மேல என்ன கனம் ஏறும்? தக்காளியையா ஏத்தறேன்?" என்றேன்.

துளையைப் பெரிதாக்கி, பித்தளையில் புஷ் என்கிற உள்வளையத்தைக் கடைந்து இறக்கி, புது பின் போட்டுக் கொடுத்தார். கையில் ஆட்டிப் பார்த்தால் மயிரிழை ஆட்டம் இல்லை. பெருமையாகக் கொண்டுவந்து மாட்டினேன். பானட்டை இறக்கினேன். முன்னைவிட மோசமாக நின்றது.

சத்தியமாக எனக்கு அழுகை வந்தது. பழைய கீலில் ஓங்கி அடித்தாலாவது இறங்கும். இதில் பாதியிலேயே விறைத்துக்கொண்டு நிற்கிறது. இடது பக்க இடுக்கில் விரல் போகிறது, வலது பக்கம் தகடும் தகடும் உரசுகிறது. போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, பானட்டைத் தோளால் தள்ளி, திரும்ப முறுக்கினேன். வலது சரியானால் மூக்கு தூக்கியது. கீலுக்கு அடியில் வாசர் வளையம் கொடுத்துப் பின்பக்கத்தை உயர்த்தினேன். மூக்கு இறங்கியது, முளை துளையைத் தாண்டி நின்றது. ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவுகிறது. வெயில் மரத்தை விட்டு நகர்ந்து என் முதுகுக்கு வந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வந்து ஒரு பக்கம் பிடிக்கக்கூட இல்லை. பானட் இருந்த பக்கமே அவன் திரும்பவில்லை.

கடைசியில் பானட்டையே முழுசாகக் கழற்றினேன். நானும் வூட்டுக்காரியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி, கோணிச்சாக்குகளின் மேல் குப்புறக் கவிழ்த்தோம். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற மாதிரி, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நூல் பிடித்துப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. ஓரங்கள் நேராக இருக்கின்றன. நடுவில் மட்டும் இரண்டு விரல் அளவுக்கு உள்வாங்கியிருக்கிறது. உள்பக்கம் தாங்குகிற சட்டமும் அதோடு சேர்ந்து வளைந்திருக்கிறது. அது வளைந்ததால் இரண்டு கீலும் ஆளுக்கொரு திசையைப் பார்த்து நிற்கின்றன. கீல் தளர்ந்து கிடந்த வரைக்கும் அந்த வளைவு வெளியே தெரியவில்லை. கீலை இறுக்கியதும் மறைக்க முடியாமல் போய்விட்டது.

வூட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த வளைவைப் பார்த்தாள். வேலை ஆரம்பித்த பிறகு முதன்முறையாகச் சிரித்தாள்.

"இதா? இது என் தம்பி குண்டி அச்சுங்க."

"என்னடி உளர்ற?"

"நம்ம புள்ள சடங்குக்குச் சீர் கொண்டாந்தப்ப எங்கீங்க உக்கார வெச்சீங்க அவனை?"

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்றால் தாய்மாமன் சீர் கொண்டுவருவான். தட்டுகளைப் பெண்கள் தூக்கிக்கொண்டு நடப்பார்கள், மாமன் மட்டும் நடந்து வரக்கூடாது. முன்பெல்லாம் மாட்டு வண்டி. என் காலத்தில் வண்டி வந்த பிறகு, மாமனைப் பானட்டின் மேல் ஏற்றி உட்கார வைத்து, பம்பரில் கால் வைக்கச் சொல்லி, மேளத்தோடு ஊரைச் சுற்றி மெதுவாக ஓட்டிக்கொண்டு வருவோம். மாலை, தலைப்பாகை, கையில் ஒரு துண்டு. அதுதான் மாமனுக்கு மரியாதை. பின்னால் ஏற்றினால் அவன் சண்டைக்கு வருவான், அவன் பெண்டாட்டி சாப்பிடாமல் போவாள். சொந்தத்தில், பழக்கத்தில், யார் வீட்டு விசேஷம் என்றாலும் என் வண்டிதான் போகும். வாடகை வாங்கியதில்லை. ஊர்வலத்தில் முன்னால் வருவது என் வண்டி என்று நாலு பேர் பார்த்தால் போதும் எனக்கு. சில வீடுகளில் மூன்று மாமன்கள். மூன்று பேரும் ஏறுவார்கள். மூன்றாவது ஆள் எப்போதும் கனமான ஆளாகத்தான் இருப்பான்.

"உன் தம்பி ஒருத்தன் மட்டுமா உக்காந்தான்?" என்றேன். "ஊரே உக்காந்துச்சு."

"ஊரே உக்காரட்டும்னு வண்டியக் கொண்டுபோயி நிறுத்தினது யாருங்க?"

நான் மரச் சுத்தியலைத் தேடப் போனேன்.

மணல் மூட்டையை அடியில் கொடுத்து, சட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி எடுத்தேன். இரும்புச் சுத்தியல் பட்டால் தகடு நீண்டுவிடும், பிறகு எந்தக் காலத்திலும் அடங்காது. அதனால் மரம்தான். தட்டுவது, நூல் பிடிப்பது, தட்டுவது, நூல் பிடிப்பது. ஓசூருக்குப் போய் வந்த களைப்போடு தினமும் வெளிச்சம் போகிறவரை இதே வேலை. கிளம்பும்போது பானட்டை மேலே வைப்போம், திரும்பி வந்ததும் இறக்குவோம்; கயிறு கட்டித்தான் ஓடியது வண்டி, அதுவும் புதுக்கயிறு, இரண்டு சுற்று. நூல் ஒட்டி நின்ற அன்றைக்கு மறுபடியும் மாட்டி, போல்ட்டுகளைக் கை முறுக்கில் விட்டு, பானட்டை இறக்கி, இடுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவாக வரும் வரை அதைத் தட்டிக்கொடுத்து உட்கார வைத்து, பிறகுதான் ஸ்பேனரை வைத்தேன். முளை துளைக்கு நேராக இறங்கியது. ஒரு கையால் விட்டேன். 'டப்' என்று ஒரே சத்தம். கயிற்றை அவிழ்த்துத் தூர எறிந்தேன். எந்தக் கம்பெனிக்காரன் வந்தாலும் அதைவிட நேராக வைத்திருக்க முடியாது. இன்றைக்கும் அதைச் சொல்வேன்.

அவனைக் கூப்பிட்டேன். வந்தான். திறந்து மூடிப் பார்த்தான். இடுக்கில் விரலை ஓட்டினான்.

"நல்லா வந்துருக்குதுங்க மாமா."

"ஏறு."

ஏறினான். சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடித்தது, வண்டி உதறியது, பானட் அசையவில்லை. அவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அவன் நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாகக் கிளம்புகிறது. கியர் விழவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான்.

"எனக்கு ரோடு தெரியலீங்க மாமா. பானட்டுதான் தெரியுது."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். இத்தனை நாள் முறிந்த முதுகெல்லாம் சேர்ந்து வந்தது.

"அப்ப என்ன பண்ணச் சொல்ற? கழட்டி எறியட்டுமா?"

குத்தலாகத்தான் கேட்டேன். 

"கழட்டுங்க மாமா. கழட்டிட்டா ஓட்டறேன்."

நான் அவன் அக்காவைப் பார்த்தேன். அவள் ஸ்பேனரை எடுத்து நீட்டினாள். அதை மாட்டப் பட்ட பாட்டை முன்னால் சொல்லிவிட்டேன். கழற்ற ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அந்த அலுப்பை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பானட்டைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் சாத்தினோம். என் வாழ்க்கையிலேயே நான் செய்த நேர்த்தியான வேலை அங்கே மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றது.

மறுநாள் வண்டி எஞ்சினைத் திறந்து காட்டிக்கொண்டு ஓசூருக்குப் போனது. நானும் கூடப் போனேன். ஃபேன் சுற்றுவது கண்ணுக்கு முன்னால் தெரியும். சூடும் டீசல் வாடையும் முகத்தில் அடிக்கும். அவன் வாயே திறக்கவில்லை, ஆனால் ஓட்டினான். இறக்கத்தில் அந்த வரப்பு வந்தபோது பார்வையைத் திருப்பாமல் நேராக ஓட்டினான். திரும்பும்போது ராயக்கோட்டை டீக்கடையில் நிறுத்தியதும் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு லாரி டிரைவர் கேட்டார்:

"என்னங்க, வண்டிக்கு மொட்டை போட்டுட்டீங்க? எந்தக் கோயிலு வேண்டுதல்?"

எல்லாரும் சிரித்தார்கள். ஊர்வலத்துக்கெல்லாம் முன்னால் போன வண்டி. நான் டீயைக் குடித்துவிட்டுத் தம்ளரை வைத்தேன்.  மாப்ளதான் பதில் சொன்னான்:

"வேண்டுதல் எனக்குத்தாங்க. வண்டி எனக்குப் பதிலா முடி குடுத்திருக்குது."

அவன் பேச ஆரம்பித்துவிட்டான் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. அடுத்த நாளிலிருந்து அவனைத் தனியாக அனுப்பினேன். நான் வூட்டில் கிடந்து தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதே இல்லை. பெங்களூர் பேச்சும் நின்றுவிட்டது.

ஐப்பசி மழை பிடித்தது. திறந்த எஞ்சினோடு மழையில் போவது பைத்தியக்காரத்தனம். காற்று உறிஞ்சுகிற வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் எஞ்சின் அதோடு முடிந்தது. முதல் மழையன்று வண்டி வரவில்லை என்று நாங்கள் வாசலிலேயே நின்றோம். அந்தி சாய்கிற நேரத்தில் வந்தது. அவன் மேலே சட்டை இல்லை. சட்டையை அந்த வாயைச் சுற்றிக் கட்டி, மேலே ஒரு கோணியைப் போட்டு, ஊர்ந்து ஊர்ந்து கொண்டுவந்திருக்கிறான். உடம்பு நடுங்க இறங்கியவன் நேராகச் சுவரோரம் போனான். பானட்டின் மேல் கையை வைத்தான்.

"நாளைக்கு மாட்டிரலாம் மாமா."

"நான் ஒண்ணும் சொல்லலடா."

"நீங்க சொல்லலீங்க. நான்தான் சொல்றேன். அந்தப் பக்கம் நான் புடிக்கறேன்."

மறுநாள் காலையில் மாட்டினோம். ஒரு பக்கம் அவன் பிடித்தான். வாசர்களைப் பழைய இடத்திலேயே கொடுத்து முறுக்கினேன். முதல் தடவையிலேயே மூடியது. அன்றைக்கு லோடோடு கிளம்பும்போது, "நீங்களும் வாங்க" என்றான். போனேன்.

ராயக்கோட்டை வரை மாட்டு வண்டி வேகம். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு தாண்டினார்கள். அந்த இறக்கம் வந்தது. எதிரே பஸ் ஒன்று வந்தது. அது பக்கத்தில் வந்து காற்று அடித்ததும் பானட்டின் ஓரம் லேசாகத் துடித்தது. எந்த வண்டியிலும் அந்த அளவுக்குத் துடிக்கும். அவன் கால் ஆக்சிலேட்டரிலிருந்து எழும்பியது. வண்டி தயங்கியது. என் வாய் வரைக்கும் பேச்சு வந்தது.  பஸ் போய்விட்டது. பானட் அதன் இடத்திலேயே இருந்தது.  அவன் கால் திரும்ப இறங்கியது, மெதுவாக, பிறகு முழுசாக.

கொஞ்ச தூரம் போன பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டான்:

"என்னங்க மாமா, தூங்கலியா?"

"வர்ல."

"தூங்குங்க. ஓசூர் வந்தா எழுப்பறேன்."